வில்லனுக்காக அழுவது: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

போன மாதம் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி எழுதியபோது, 1992இல் வந்த பேட்மேன் கார்ட்டூன் தொடரைக் குறிப்பிட்டு, 'அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அதற்குக் கடன்பட்டவை' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். தடைக்காலத்தில் படகு போகாததால் எங்களுக்கும் வேலை இல்லை. மகளோடு உட்கார்ந்து கொஞ்சம் பார்த்தேன். நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொம்மை விற்க எடுத்த தொடருக்கு இவ்வளவு மரியாதை எதற்கு? நாமெல்லாம் இலங்கையின் ரூபவாஹினி டிவியில் சிங்களக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்கள். பார்த்தோம், சிரித்தோம், அத்தோடு விட்டோம்.

இன்னொரு விஷயம். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். நோட்டு அட்டை முழுக்க அதில் வருகிற வில்லி ஹார்லி குவின். மிஸ்டர் ஃப்ரீஸ் கதையைப் பார்த்து அழுதாள். பேட்மேனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பிள்ளைகளை வில்லனுக்காக வருந்தப் பழக்குவது சரிதானா அண்ணே?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

பொம்மை விற்கத்தான் எடுத்தார்கள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 1989இல் டிம் பர்ட்டனின் பேட்மேன் படம் வசூலை அள்ளியது. அடுத்த படம் 1992 ஜூனில் வந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் தொலைக்காட்சியிலும் சரக்கை இறக்கிவிட வேண்டும் என்பதுதான் வார்னர் நிறுவனத்தின் கணக்கு. வேலையை புரூஸ் டிம், எரிக் ரடோம்ஸ்கி என்ற இருவரிடம் கொடுத்தார்கள். இரண்டு பேரும் அதற்கு முன் தயாரிப்பாளராக இருந்ததில்லை. 'டைனி டூன்' என்கிற சிரிப்புத் தொடரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். சில நிமிட மாதிரிப் படம் ஒன்றைச் செய்து காட்டினார்கள். தொடர் கைக்கு வந்தது. 1992 செப்டம்பர் 5 அன்று ஃபாக்ஸ் கிட்ஸில் ஆரம்பித்து 1995 வரை 85 எபிசோடுகள்.

உங்கள் பொம்மைக் குற்றச்சாட்டுக்கு அவர்களே உள்ளிருந்து ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். 'பிவேர் தி கிரே கோஸ்ட்' என்று ஓர் எபிசோட். பிற்காலத்தில் பேட்மேன் ஆகப்போகிற சிறுவன் புரூஸ் வெய்ன் அப்பாவோடு உட்கார்ந்து ரசித்துப் பார்த்த டிவி நாயகன் இப்போது வயதாகி, வாய்ப்பில்லாமல், பழைய உடுப்பை விற்றுச் சாப்பிடுகிறான். அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஆடம் வெஸ்ட். 1966 தொலைக்காட்சித் தொடரில் பேட்மேனாக நடித்த அதே ஆள். அந்தக் கதையின் வில்லன் யார் தெரியுமா? பொம்மைப் பித்துப் பிடித்த ஒரு கடைக்காரன். பொம்மைக் காரில் குண்டு வைத்து அனுப்புகிறான். அவனுக்குக் குரல் புரூஸ் டிம்முடையது. பொம்மை விற்கத் தொடர் எடுத்துக்கொண்டே பொம்மைக் கடைக்காரனை வில்லனாக்கி, அவனுக்குத் தானே குரலும் கொடுக்கிற துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, அவர்கள் அப்படி என்னதான் செய்தார்கள்? முதலாவது கறுப்புக் காகிதம். கார்ட்டூனில் பின்னணி ஓவியத்தை வெள்ளைக் காகிதத்தில் வரைந்து, இருட்டு வேண்டிய இடத்தில் இருட்டைப் பூசுவார்கள். ரடோம்ஸ்கி கறுப்புக் காகிதத்தை எடுத்து, வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் வண்ணம் வைக்கச் சொன்னார். இருட்டுதான் பேட்மேன் வாழும் ஊரின் இயல்பு, வெளிச்சம் வந்துபோகிற விருந்தாளி என்று ஆகிவிட்டது. இன்னொரு தந்திரம், காலத்தைக் குழப்பியது. கம்ப்யூட்டர் இருக்கும், டிவி மட்டும் கறுப்பு வெள்ளையில் ஓடும். கார்கள் 1940களுடையவை. போலீஸ் வானக்கப்பலில் ரோந்து வரும். எந்த வருடத்துக் கதை என்றே சொல்ல முடியாததால், முப்பது வருடம் கழித்தும் உங்கள் மகளுக்கு அது பழைய படமாகத் தெரியவில்லை. தொடக்கப் பாடல் காட்சியைக் கவனியுங்கள், தொடரின் பெயரே அதில் வராது. கூரைமேல் நிற்கிற உருவமும் ஒரு மின்னலும் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ரூபவாஹினியைச் சொன்னீர்கள். 1982இல் அது ஆரம்பித்த பிறகு நம் கரையில் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பாத வீடு எது? வாடைக்காற்றில் கம்பம் திரும்பிவிட்டால் ஒருவர் மாடியேறித் திருப்ப, ஒருவர் வாசலில் நின்று கத்த, உள்ளே ஒருவர் 'வந்துருச்சு, வந்துருச்சு' என்க, அது ஒரு குடும்பத் தொழில். அந்தச் சிங்களக் கார்ட்டூன்களுக்குப் பின்னால் டைடஸ் தொடவத்த என்கிற பெரிய சினிமாக் கலைஞர் இருந்தார். டாக்டர் டூலிட்டில் தொடரை அவர் சிங்களமாக்கியது அந்த நாட்டில் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். நமக்குச் சிங்களம் புரியாது. குரலை வைத்தே இவன் நல்லவன், இவன் கள்ளன், இவன் பயந்தவன் என்று பிரித்துக்கொண்டோம். அத்தோடு விட்டோம் என்கிறீர்கள். காது விடவில்லை என்பது என் எண்ணம்.

அந்தக் காதோடு பேட்மேன் தொடரைக் கேட்டுப் பாருங்கள். பொதுவாகக் குரல் நடிகர்களைத் தனித்தனியே வரவழைத்துப் பேசவைத்து ஒட்டுவார்கள். இங்கே குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, நாடகம்போல எதிரெதிரே பேசவைத்தார். கெவின் கான்ராய் நாடக மேடையிலிருந்து வந்தவர். புரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு அடித்தொண்டையில் இன்னொரு குரல் என்று பிரித்தார். கேட்கக் கேட்க, கோடீஸ்வரனின் குரல்தான் வேஷம், இருட்டில் பேசுவதுதான் அசல் என்று தோன்றும். பேட்மேனின் பெரிய எதிரி ஜோக்கருக்குக் குரல், மார்க் ஹாமில். இசை, ஷெர்லி வாக்கர். குழந்தைகள் கார்ட்டூனுக்கு எபிசோடுக்கு எபிசோட் முழு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து வாசித்தார்கள்.

இனி நான் முக்கியம் என்று நினைப்பது. பகல் நேரக் குழந்தைகள் தொடர் என்பதால் சேனலின் தடைகள் ஏராளம். ரத்தம் கூடாது. கழுத்தை நெரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று காட்டக் கூடாது. கூடாதவற்றை எல்லாம் ஒரே படத்தில் திணித்து டிம் ஒரு கேலிச்சித்திரமே போட்டு வைத்திருந்தார். வேறு ஆட்களாக இருந்தால் 'இதற்குள் என்ன கதை சொல்ல' என்று கையை விரித்திருப்பார்கள். இவர்களை அந்தத் தடைகளே எழுத்தாளர்களாக்கின. அடியையும் சாவையும் காட்ட முடியாது, அவற்றால் வரும் துக்கத்தைக் காட்டத் தடையில்லை. 'ராபின்ஸ் ரெக்கனிங்' முதல் பாகத்தைப் பாருங்கள். சர்க்கஸில், பேட்மேனின் கூட்டாளி ராபினின் அப்பாவும் அம்மாவும் ஊஞ்சலிலிருந்து விழுந்து சாக வேண்டும். விழுவதைக் காட்டவில்லை. அறுந்த கயிறு மட்டும் திரும்பி ஆடி வருகிறது. வயிறு கலங்கும். அந்த எபிசோடுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது கிடைத்தது, பெரியவர்களுக்கான படைப்புகளோடு சேர்த்து வைத்துக் கொடுக்கும் விருது.

மிஸ்டர் ஃப்ரீஸும் இந்த வழியில் வந்தவன்தான். 1959இல் காமிக்ஸில் பிறந்தபோது ஐஸ் துப்பாக்கி வைத்த ஒரு கோமாளி, அவ்வளவே. தொடரின் முதல் வாரத்திலேயே வந்த 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' எபிசோடில் தொடரின் எழுத்தாளர் பால் டினி அவனுக்கு நோரா என்று ஒரு மனைவியைக் கொடுத்தார். தீராத நோய். மருந்து கண்டுபிடிக்கும்வரை அவளை உறையவைத்துக் காக்கிறான் விஞ்ஞானியான கணவன். செலவு கட்டுப்படியாகாது என்று முதலாளி நடுவில் புகுந்து நிறுத்துகிறான். அதே முதலாளிக்குத்தான் ஊர் கூடி 'மனிதநேயர்' விருது கொடுக்கிறது. இதற்கும் எம்மி. காமிக்ஸ் உலகம் தன் பழைய கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதையே ஏற்றுக்கொண்டது. 1997இல் வந்த பேட்மேன் சினிமாவும் இந்த மனைவியை எடுத்துக்கொண்டது. ஐஸ் கம்பெனிக் கணக்குப் பார்க்கிற நீங்கள் இதில் அசையாமல் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

மகள் அழுதது சரியா என்று கேட்டீர்கள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இராமேஸ்வரம் கூப்பிடு தூரம். அந்தக் கோயிலின் தலபுராணம் என்ன? ராவணனைக் கொன்ற பழி தீர, வென்றவனே லிங்கம் வைத்துக் கும்பிட்டான் என்பது. வடக்கே ராவணன் பொம்மையைச் செய்து கொளுத்துகிறார்கள். நம் கரையில், கொன்றவன் பரிகாரம் தேடுகிறான். எதிரி செத்ததில் ஒரு பாவமும் இருக்கிறது என்று சொல்லி நடக்கிற ஊர் அது. அந்த மண்ணில் வளரும் பிள்ளை ஃப்ரீஸுக்காக அழுதால் நீங்கள் திகைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. தொடர் அவனை விட்டுவிடவில்லை. பேட்மேன் அவனைப் பிடித்து உள்ளே தள்ளுகிறான். கூடவே முதலாளி செய்ததற்கான வீடியோ ஆதாரத்தைச் செய்தியாளர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். இரண்டும் அரை மணி நேரத்துக்குள் நடக்கிறது. இரக்கம் வேறு, விடுதலை வேறு என்பதை உங்கள் மகள் இதற்குள் பிடித்திருப்பாள். கேட்டுப் பாருங்கள்.

ஹார்லி விஷயம் கொஞ்சம் சிக்கல். அவள் காமிக்ஸிலிருந்து வந்தவள் இல்லை. இந்தத் தொடரில் பிறந்தவள். 1992 செப்டம்பரில் 'ஜோக்கர்ஸ் ஃபேவர்' எபிசோடில் ஜோக்கருக்கு ஓர் எடுபிடி தேவைப்பட்டது. டினியின் சிநேகிதி ஆர்லீன் சார்கின் ஒரு டிவி சீரியலில், கனவுக் காட்சி ஒன்றில் விதூஷக வேஷம் போட்டிருந்தார். அதைப் பார்த்துப் பாத்திரத்தை உருவாக்கி, குரலுக்கும் அவரையே கூப்பிட்டார்கள். ஒரு நாள் கூலிக்கு வந்தவள் நிரந்தரமாகிவிட்டாள். 1999இல் பேட்மேன் காமிக்ஸின் மையக் கதைக்குள் நுழைந்தாள், 2016இல் சினிமாவுக்குள். இன்று உங்கள் வீட்டு நோட்டு அட்டைவரை.

ஆனால் நோட்டு அட்டை ஹார்லிக்கும் தொடரின் ஹார்லிக்கும் தூரம் இருக்கிறது. அவள் ஒரு மனநல மருத்துவர். நோயாளியாக வந்த ஜோக்கரின் பேச்சில் மயங்கி, படிப்பையும் பெயரையும் விட்டுவிட்டு அவன் பின்னால் போனவள். அவன் அடிக்கிறான், துரத்துகிறான், திரும்ப ஒரு நல்ல வார்த்தை சொன்னதும் இவள் ஓடுகிறாள். டினியும் டிம்மும் இதை 1994இல் 'மேட் லவ்' என்று காமிக்ஸாகவே எழுதினார்கள். பிறகு அது, இதைத் தொடர்ந்து வந்த அடுத்த பேட்மேன் தொடரில் எபிசோடாகவும் வந்தது. இதை ஜோடிப் பொருத்தம் என்று டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்றது பிற்பாடு வந்த வியாபாரம். ஒன்பதாவது படிக்கிற பெண் பார்க்க வேண்டிய கதைதான், அட்டைப் படத்தோடு நின்றுவிடாமல் முழுக்கப் பார்க்க வேண்டும். அடிக்கிறவனிடமே திரும்பிப் போகிற பெண்ணை நம் தெருவில் பார்த்ததில்லை என்று நீங்களும் நானும் சொல்ல முடியாது.

கடன்பட்டவை என்றேனே, அதன் விவரம்: இதே குழு 1996இல் சூப்பர்மேனை எடுத்தது. அங்கிருந்து 'பேட்மேன் பியாண்ட்', 'ஜஸ்டிஸ் லீக்' என்று 2006வரை ஒரே உலகமாகக் கதை ஓடியது. தனித்தனி நாயகர்களை வளர்த்து ஒரு சபையில் சேர்ப்பதைச் சினிமாக்காரர்கள் பின்னால் பெரிதாகச் செய்தார்கள். 2009இல் வந்த 'ஆர்க்கம் அசைலம்' வீடியோ கேமின் எழுத்தும் டினி. குரல்கள் அதே கான்ராய், அதே ஹாமில். 2022 நவம்பரில் கான்ராய் இறந்தபோது, பேட்மேன் என்றால் சினிமா நடிகர் முகம் வராமல் இவர் குரல்தான் நினைவுக்கு வருகிறது என்று எழுதாத ரசிகர் குறைவு. அதே 1992இல், அதே சேனலில் எக்ஸ்-மென் தொடரும் வந்தது. பழிக்கப்பட்ட கூட்டத்தின் கதை, அதுவும் பெரியது, தனியாக எழுதுகிறேன்.

வாரிசுகள்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இருட்டை எடுத்துக்கொண்டார்கள், மழையை எடுத்துக்கொண்டார்கள், கரகரத்த குரலையும் எடுத்துக்கொண்டார்கள். வில்லன் பக்கத்தில் ஒரு நிமிடம் உட்கார்கிற பழக்கத்தை மட்டும் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். 2024இல் டிம்மே மறுபடி ஒரு பேட்மேன் தொடர் செய்தார், 'கேப்ட் குரூசேடர்' என்று. அழகாக இருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை.

85 எபிசோடும் ஒரே தரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் பல ஸ்டூடியோக்களுக்குப் பிரித்துக் கொடுத்து வரைந்தது, ஒரு வாரம் ஓவியம்போல இருக்கும், அடுத்த வாரம் முகமே கோணியிருக்கும். 'ஐ ஹாவ் காட் பேட்மேன் இன் மை பேஸ்மென்ட்' என்று ஒன்று வந்தால் தயங்காமல் தாண்டிவிடுங்கள். தடைக்காலம் முடிவதற்குள் 'ராபின்ஸ் ரெக்கனிங்' இரண்டு பாகம், 'டூ-ஃபேஸ்' இரண்டு பாகம், 'கிரே கோஸ்ட்' ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். 'மேட் லவ்' கடைசியில். அதைப் பார்த்த பிறகு மகள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். அவள் சம்மதித்தால் அவளையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்