வருஷ ஃபீஸ் கட்டியாச்சு, பொண்ணு வயலின் வேண்டாங்கிறா, என்ன பண்றது?

கேள்வி: வணக்கம் சார். எங்க பொண்ணுக்கு 9 வயசு, நாலாவது படிக்கிறா. வயலின், செஸ், நீச்சல், டிராயிங், அபாகஸ்னு அஞ்சு கிளாஸ் போறா. எங்க ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து கைக்கு வர்றதுல 14 சதவீதம் இதுக்கே போகுது, வீட்டு லோன் வேற இருக்கு. வயலினுக்கு 10 மாச ஃபீஸ் கட்டுனா 12 மாசம் கிளாஸ்னு ஆஃபர் போட்டாங்கன்னு ஒரே தடவையா கட்டிட்டோம். நாலு மாசம் ஆச்சு, இப்ப போகமாட்டேன்னு அழறா. காசு கட்டியாச்சு, வருஷம் முடியட்டும்ங்கிறார் அவர். செலவு தாங்காததால அவ மேல்படிப்புக்குன்னு மாசாமாசம் போடுற சேமிப்பை கொஞ்ச நாள் நிறுத்திடலாமான்னும் பேசிட்டிருக்கோம். இன்னொன்னு, நல்ல மார்க் வாங்குனா காசு தர்றேன்னு சொல்லலாமா?

பதில்: வணக்கம்மா. முதல்ல அந்த சேமிப்பை நிறுத்தாதீங்க, மத்தது எல்லாம் அப்புறம் பேசலாம்.

ஏன் சொல்றேன்னா, அவளுக்கு இப்ப 9, காலேஜ் போறப்ப 18, நடுவுல சரியா 9 வருஷம் இருக்கு. 72ஐ வட்டி சதவீதத்தால வகுத்தா பணம் இரட்டிப்பாக எத்தனை வருஷம் ஆகும்னு தோராயமா வந்துடும், 8 சதவீதம் கிடைச்சா 72ஐ 8ஆல வகுத்து 9 வருஷம். அதாவது இன்னைக்கு நீங்க போடாம விடுற ஒரு பங்கு, அவ காலேஜ் வாசல்ல நிக்கிறப்ப ரெண்டு பங்கா இருந்திருக்க வேண்டிய பணம். 8 சதவீதம் நிச்சயம்னு நான் சொல்லல, முன்ன பின்ன ஆகும். ஆனா கொஞ்ச நாள்னு நிறுத்துன சேமிப்பை ஜனங்க திரும்ப ஆரம்பிக்கிறது ரொம்ப கம்மி, அந்த பணத்துக்கு அதுக்குள்ள வீட்ல வேற ஏதாவது செலவு வந்து உக்காந்துடும். குறைக்கணும்னா கிளாஸ்ல குறைங்க.

இப்ப வயலின். உங்க வீட்டுக்காரர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, பணத்தோட அருமை தெரிஞ்சவர்தான் அப்படி பேசுவார். ஆனா கணக்கு அங்க இல்லம்மா. அந்த 10 மாச ஃபீஸ் போயிடுச்சு, அவ மிச்சம் எட்டு மாசம் போனாலும் போயிடுச்சு, போகலைன்னாலும் போயிடுச்சு. இனிமே முடிவு பண்ண வேண்டியது மிச்சம் இருக்கிற எட்டு மாசத்தை பத்திதான், அதுக்கு ஆகப்போற பெட்ரோல், உங்க சாயங்காலம், அவளோட அழுகை இதையெல்லாம் வச்சு பாருங்க. கட்டுன காசு நம்மள இழுக்கிறது எல்லாருக்கும் நடக்கிறதுதான். ஆர்க்ஸ், ப்ளூமர்னு ரெண்டு பேர் 1985ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அமெரிக்காவுல ஒஹையோ யுனிவர்சிட்டியில நாடகத்துக்கு சீசன் டிக்கெட் வாங்க வந்தவங்கள்ல சில பேருக்கு மட்டும் சொல்லாம கொள்ளாம டிஸ்கவுன்ட் குடுத்தாங்க, சீசனோட முதல் பாதியில பார்த்தா முழு விலை குடுத்தவங்கதான் அதிக நாடகத்துக்கு வந்திருந்தாங்க. நாடகம் ரெண்டு கூட்டத்துக்கும் ஒன்னுதான், குடுத்த காசுதான் வேற. பெரியவங்களுக்கே இப்படின்னா, நம்ம காசு குடுத்துட்டு குழந்தைய வலுக்கட்டாயமா அனுப்புறதுல ஆச்சரியம் ஒன்னும் இல்ல.

அதுக்காக அவ அழுத அன்னைக்கே நிறுத்திடாதீங்க. வயலின்ல முதல் சில மாசம் உண்மையிலேயே கஷ்டம். கீபோர்டுல கட்டைய அழுத்துனா சுத்தமா ஸ்வரம் வந்துடும், கிட்டார்ல விரல் வைக்க குறுக்குக் கம்பி இருக்கும், வயலின்ல அது எதுவும் கிடையாது, விரல் எங்க வைக்கணும்னு காதால கண்டுபிடிக்கணும், வில்லு கொஞ்சம் கோணுனா கீச்சுனு சத்தம் வரும், ஒன்பது வயசு குழந்தைக்கு அது தான் பண்ற தப்பு மாதிரியே கேக்கும். இன்னொன்னையும் பாருங்க, வயலின் சைஸ் சரியா இருக்கா? கால், அரை, முக்கால், முழு சைஸ்னு கை நீளத்தை பொறுத்து மாத்தணும், வளரும்போது சரியா இருக்கும்னு பெருசா வாங்கிக் குடுத்தா கையும் கழுத்தும் வலிக்கும், அத சொல்லத் தெரியாம போகமாட்டேன்னு அழுவா. கிளாஸ் நேரம் எப்படி? ஸ்கூல் விட்டு வந்து ஷூவ கழட்டுறதுக்குள்ள கிளம்புன்னா யாருக்குத்தான் பிடிக்கும். இது எல்லாத்தையும் சரி பண்ணிட்டு ஒரு ஆறு வாரம் தேதி குறிச்சு பாருங்க, அவகிட்டயும் அந்த தேதிய சொல்லிடுங்க. அன்னைக்கும் அவ வேண்டாம்னா நிறுத்திடுங்க, அப்புறம் அதை சொல்லிக் காட்டாதீங்க.

நிறுத்துறதுக்கு முன்னாடி அந்த கிளாஸ்ல போய் ரசீதை காட்டி பேசுங்க, ஃபோன்ல வேண்டாம். மிச்ச மாசத்துக்கு பணம் திரும்ப வருமா, வராட்டி கொஞ்ச மாசம் தள்ளி வைக்கலாமா, அங்கயே வேற கிளாஸ் இருந்தா மாத்திக்கலாமா, உங்க வீட்லயே வேற யாராவது அந்த இடத்துல சேரலாமான்னு கேளுங்க. கேட்டா கொஞ்சமாவது விட்டுக் குடுக்கிற இடங்கள் நிறைய இருக்கு, கேக்காதவங்களுக்கு யாரும் தானா வந்து குடுக்கிறதில்ல.

இனிமே எந்த கிளாஸுக்கும் முதல் வருஷம் மொத்தமா கட்டாதீங்க. 10 கட்டுனா 12ங்கிறது கிட்டத்தட்ட 17 சதவீத தள்ளுபடி, பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா குழந்தை 10 மாசத்தை தாண்டி போனாத்தான் அந்த லாபம் உங்க கைக்கு வரும். அஞ்சாவது மாசம் நிறுத்துனா ஒரு மாசத்துக்கு ரெண்டு மாச ஃபீஸ் குடுத்த கணக்கு. புதுசா ஆரம்பிக்கிற குழந்தைக்கு பிடிக்குமா பிடிக்காதான்னு யாருக்குமே தெரியாத நேரத்துலதான் இந்த ஆஃபர் வரும், அதனால மாசாமாசம் கட்டுங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்ல. ஒரு வருஷம் அவளா ஆசையா போயிட்டிருந்தா ரெண்டாவது வருஷம் அந்த ஆஃபர எடுங்க. வாத்தியமும் அப்படித்தான், வாடகைக்கு கிடைச்சா வாடகை, இல்லைனா செகண்ட் ஹேண்ட், ஏன்னா கை வளர வளர வயலின் மாறிட்டே இருக்கும்.

அஞ்சு கிளாஸுக்கும் ஒரு வேலை பண்ணுங்க. வீட்டு காலண்டர்ல ரெண்டு மாசம் அவ உண்மையா போன கிளாஸுக்கு மட்டும் டிக் போடுங்க, பரீட்சை, ஜுரம், சொந்தக்காரங்க வந்தது, டீச்சர் லீவுன்னு போகாதது எல்லாம் அப்படியே விட்டுடுங்க. மாச ஃபீஸை டிக்கால வகுங்க. உதாரணத்துக்கு மாசம் 8 கிளாஸ், ஒரு கிளாஸ் 100 ரூபாய்னு நினைச்சு 800 கட்டுறீங்க, அவ போனது 5னா ஒரு கிளாஸ் 160 ஆயிடுது. இதோட போக்குவரத்து, டிரெஸ், கிரேடு பரீட்சை ஃபீஸ், போட்டிக்கு கட்டுற பணம் எல்லாத்தையும் சேருங்க, நீங்க சொன்ன 14ல இதெல்லாம் இருக்கான்னு எனக்கு சந்தேகம். லோன் இருக்கிற குடும்பத்துக்கு எல்லாம் சேர்த்து 7, 8 சதவீதத்தை தாண்டக் கூடாதுங்கிறது என் அபிப்பிராயம், அந்த வரம்பை முதல்ல வைங்க, அதுக்குள்ள எது நிக்குதோ அது நிக்கட்டும்.

எதை வைக்கிறதுன்னு கேட்டா நீச்சலை வைங்க. தண்ணியில மூழ்குறது குழந்தைங்க சாகுறதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒன்னுன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது, அதோட நீச்சல் கத்துக்கிட்டா அந்த செலவு முடிஞ்சுடும், வருஷக்கணக்கா இழுக்காது. அபாகஸும் செஸ்ஸும் எதுக்கு சேர்த்தீங்கன்னு உங்களையே கேட்டுக்கங்க. கணக்கு நல்லா வரும்னு செஸ்ல சேர்த்திருந்தா, இங்கிலாந்துல 100 ஸ்கூலை வச்சு செஸ் சொல்லிக் குடுத்து பார்த்த ஆய்வு 2016ல வந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சு கணக்குல வித்தியாசம் ஒன்னும் தெரியல. மியூசிக் கத்துக்கிட்டா படிப்பு வரும்ங்கிறதையும் சாலா, கோபேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 54 ஆய்வை சேர்த்து 2020ல பார்த்தாங்க, ஒழுங்கா நடத்துன ஆய்வுகள்ல பலன் கிட்டத்தட்ட பூஜ்யம். செஸ் செஸ்ஸுக்காக நல்லது, பாட்டு பாட்டுக்காக நல்லது, அவளுக்கு பிடிச்சிருந்தா அதுவே போதுமான காரணம். கணக்குல தடுமாறுனா கணக்கையே சொல்லிக் குடுங்க, தினமும் 15 நிமிஷம் நீங்களே பக்கத்துல உக்காந்தாலும் சரி. செஸ் மேல ஆசை இருந்து காசுதான் இடிக்குதுன்னா நெட்ல செஸ் விளையாடுற லிசெஸ் (Lichess) சைட் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது, உங்க கண்ணு முன்னாடி விளையாடட்டும்.

டிராயிங்குக்கு அவளோட நோட்டே பதில் சொல்லும். கிளாஸ் நோட்டை விடுங்க, கணக்கு நோட்டை எடுத்து கடைசி பக்கத்துல இருந்து புரட்டுங்க. பெருக்கலுக்கு பக்கத்துல ஒரு பூனை, மார்ஜின்ல அதுக்கு ஒரு தொப்பி, அடுத்த பக்கம் அந்த பூனைக்கு ஒரு வீடுன்னு பென்சில்ல இருந்தா அவளுக்கு அது உள்ளேர்ந்து வருது. அந்த மாதிரி யாரும் சொல்லாம செய்யிற ஒரு விஷயத்துக்கு செலவு பண்ணா வீணாகாது. ஒன்னுமே இல்லைனா கிளாஸை விட்டுட்டு கலர் பென்சிலும் பேப்பரும் வாங்கிப் போடுங்க.

அப்ப நீச்சல், அவளுக்கு உசுரான ஒன்னு, வயலின் தேறுனா அதையும் சேர்த்து மூணு. அதுக்கு மேல வேண்டாம். மிச்ச சாயங்காலத்துல அவ சும்மா இருக்கட்டும், உங்ககூட ராத்திரி ஒன்னா உக்காந்து சாப்பிடட்டும், ஒன்பது வயசுல அதுவும் அவளுக்கு தேவை.

மார்க்குக்கு காசு குடுக்காதீங்கம்மா. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட் பண்ண ஒரு ஆய்வு இருக்கு, ஆசையா படம் வரையிற சின்னக் குழந்தைங்களுக்கு வரைஞ்சா சர்டிஃபிகேட் தர்றோம்னு முன்கூட்டியே சொல்லி குடுத்தாங்க, அப்புறம் தானா வரையுற நேரம் வந்தப்ப அந்த குழந்தைங்க மத்தவங்களை விட குறைவாத்தான் வரைஞ்சாங்க. பரிசே சொல்லாம திடீர்னு குடுத்த குழந்தைங்களுக்கு அப்படி ஆகல. அதனால நல்லா பண்ணா சந்தோஷமா ஏதாவது வாங்கிக் குடுங்க, பேரம் மட்டும் வேண்டாம். பாக்கெட் மணி மார்க்கோட சேராம தனியா இருக்கட்டும், வாரம் ஒரே கிழமையில சின்ன தொகை, அதுல என்ன வாங்குறதுன்னு அவ முடிவு. ரெண்டே நாள்ல காலி பண்ணிட்டு வந்து நின்னா திட்டாதீங்க, அடுத்த வாரம் வரைக்கும் கூட குடுக்கவும் செய்யாதீங்க.