4294967297: உங்கள் நிரல் சரி, விடை தப்பு

கேள்வி: ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க, 2-ஐ அடிமானமாக வைத்து ஃபெர்மா சோதனையைப் பைத்தானில் எழுதினேன். 4294967297 கொடுத்தால் பகா எண் என்கிறது. அதே முறையை நண்பர் சி மொழியில், குறியில்லா 64 பிட் மாறிகளை வைத்து எழுதினார். அது பகா எண் இல்லை என்கிறது. யார் நிரலில் பிழை?

பதில்: பிழை உங்கள் நண்பருடையதில். ஆனால் சரியான விடை சொன்னதும் அவருடையதுதான்! 641-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியே இல்லாமல் 6700417 வரும்.

முதலில் உங்களுடையது. 2-ஐ, எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வருகிறதா என்றுதான் இந்தச் சோதனை பார்க்கிறது. 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணுக்கும் கட்டாயம் 1 வரும், ஆனால் 1 வந்துவிட்டால் பகா எண்தான் என்று சொல்லிவிட முடியாது. இதைத்தான் நாம் திருப்பிப் போட்டுக்கொள்கிறோம். உங்கள் எண் 2^32 + 1. ஆக 2^32-இன் மீதி -1 என்று வைத்துக்கொள்ளலாம், அதை வர்க்கமாக்கினால் 2^64-க்கு மீதி 1. சோதனை கேட்கும் அடுக்கோ 2^32, அது 64-இன் மடங்கு. அப்புறம் 1 வராமல் வேறு என்ன வரும்? 2-இலிருந்தே கட்டிய எண்ணை 2-ஐ வைத்தே சோதித்தால் இப்படித்தான்.

நண்பருடைய கதை இன்னும் வேடிக்கை. 2-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கமாக்கிக்கொண்டே போகும் வழக்கமான முறையில் 4, 16, 256, 65536, 4294967296 என்று ஐந்து படி ஒழுங்காகப் போகும். ஆறாவது படியில் 2^64 வர வேண்டும், 64 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணோ அதைவிடச் சரியாக ஒன்று குறைவு. வழிந்து 0 ஆகிவிடும், அதன் பிறகு எத்தனை முறை பெருக்கினாலும் 0-தான். 0 என்பது 1 இல்லையே, அதனால் 'பகா எண் இல்லை' என்று சொல்லிவிடுகிறது. 2^32-ஐத் தாண்டிய எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது இதையேதான் சொல்லும். நம்பிக்கை இல்லையென்றால் 4294967311 கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அது அசல் பகா எண்.

உங்கள் எண்ணில் ஏமாந்தவர்களில், இந்தச் சோதனைக்குப் பெயர் தந்த கணிதவியலாளர் ஃபெர்மாவே ஒருவர். இது பகா எண் என்றுதான் அவர் நம்பியிருந்தார். 1732-இல் ஆய்லர் என்ற கணிதவியலாளர் 641-ஐக் கண்டுபிடித்துக் காட்டினார். இத்தனைக்கும் ஃபெர்மாவுடைய சோதனையையே 3-ஐ வைத்துச் செய்தால் மீதி 3029026160 வருகிறது, அங்கேயே மாட்டியிருக்கும்! கையால் தேடுவதும் அவ்வளவு பெரிய வேலை இல்லை. இதன் வகுத்திகளை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும், அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவதிலேயே கிடைத்துவிடும்.

சரி, திருத்தம். மில்லர்-ராபின் முறைக்கு மாறுங்கள் (ஃபெர்மா சோதனையின் கடுமையான வடிவம், வர்க்கமாக்கும் வழியில் 1-க்கு முன் -1 வந்ததா என்றும் பார்க்கும்), ஆனால் அங்கேயும் 2-ஐ மட்டும் வைத்தால் இந்த எண் தப்பித்துவிடும் (வர்க்கமாக்கும் வழியில் -1 வந்துவிடுகிறதே). 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களையும் அடிமானமாக வைத்துப் பாருங்கள், 64 பிட் எண்கள் எல்லாவற்றுக்கும் அது போதும், சந்தேகத்துக்கு இடமே இல்லை. நண்பர் பெருக்கலை மட்டும் 128 பிட்டில் செய்யட்டும். அப்படிச் செய்ததும் அவர் நிரலும் 4294967297-ஐப் பகா எண் என்று சொல்லும். பதற வேண்டாம், திருத்தம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்கு அப்புறம் அவரும் அடிமானத்தை மாற்ற வேண்டியதுதான்.