ஊசி போட்டு ஓடவிடுவது வைத்தியமா?

கேள்வி: தலைக்கவசம் போட்டு மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி 1979-இல் வந்த ‘நார்த் டல்லாஸ் ஃபார்ட்டி’ என்ற படத்தைப் பார்த்தேன். ஆட்டம் கொஞ்சம்தான், ஊசி, மாத்திரை, புலம்பல்தான் அதிகம். கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு வலிக்கிறது என்று அழுபவர்கள்மீது நமக்கு ஏன் இரக்கம் வர வேண்டும்?

பதில்: அந்தப் படத்தில் யார் அழுகிறார்கள்? ஆட்டக்காரர் பில் எலியட்டாக வரும் நடிகர் நிக் நோல்ட்டி, மூக்கில் ரத்தம் உறைந்த முகத்தோடு கண் விழிக்கிறார். நொண்டிக்கொண்டே போய் மாத்திரையை விழுங்குகிறார். வெந்நீர்த் தொட்டியில் உடம்பைக் கிடத்துகிறார். யாரிடமும் முறையிடவில்லை. அடுத்த ஆட்டத்தில் தன்னை இறக்குவார்களா என்பதுதான் அவருடைய கவலை.

எலியட்டின் அணியில் ஆடும் டெல்மா ஹடிலை எப்படி மறந்தீர்கள்? தொடைத் தசை பிடித்துக்கொண்ட நிலையிலும் வலியை மரத்துப்போக வைக்கும் ஊசி வேண்டாம் என்று மறுக்கும் ஒரே ஆள் அவர்தான். அவரையும் நெருக்கிப் பணியவைக்கிறார்கள். களத்தில் அந்தக் கால் அவரைக் கைவிடுகிறது. எதிரணியினர் மோதிச் சாய்க்கிறார்கள். வலி என்பது உடம்பு விடுக்கும் எச்சரிக்கை. ஊசி அதை அடக்குமே தவிர, கிழிந்த தசையை ஒட்டவைக்காது. அடிபட்டவன் அடிபடாதவன்போல் ஓடுவான், சிறு காயம் பெருங்காயமாகும். ஊசி போடும் மருத்துவரை அமர்த்துவதோ அணி நிர்வாகம்.

சம்பளத்துக்கு வருகிறேன். அந்த விளையாட்டில் ஒப்பந்தத் தொகை முழுவதற்கும் உத்தரவாதம் தருவது வழக்கமில்லை. அணிக்கு வேண்டாதவன் ஆனால் பாதியிலேயே வெளியே போக வேண்டியதுதான். இந்த நிலையில் ஊசியை மறுப்பதற்கு எத்தனை பேருக்குத் துணிவு வரும்? நாங்கள் அணி அல்ல, தலைக்கவசம்போல வெறும் தளவாடம் என்று எலியட் கடைசியில் சொல்வது இதைத்தான்.

இதையெல்லாம் கற்பனை என்று தள்ளவும் வழியில்லை. மூலக்கதையான நாவலை 1973-இல் எழுதிய பீட்டர் ஜென்ட், டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்கு ஆடியவர். நாங்கள் விளையாட்டு என்றால் நீங்கள் தொழில் என்கிறீர்கள், தொழில் என்றால் விளையாட்டு என்கிறீர்கள் என்று படத்தில் பயிற்சியாளரிடம் வெடிக்கும் ஜான் மட்டுசாக், அப்போது ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். அந்தக் குரலில் இருக்கும் சூடு, ஒத்திகை பார்த்து வருவதல்ல. காதல் கதை இழுவை என்று நீங்கள் எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். குறை சொல்ல வேண்டியதை விட்டுவிட்டீர்கள்.

படம் வந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு, 2014-இல், சிகாகோ பேர்ஸ் அணியின் புகழ்பெற்ற ரிச்சர்ட் டென்ட் உள்ளிட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் இந்த அணிகளெல்லாம் ஆடும் தேசியக் கால்பந்து லீக்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். பின்விளைவுகளைச் சொல்லாமலே வலி நிவாரணிகளை வாரிக் கொடுத்து ஆடவைத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. சம்பளம் வாங்கினீர்களே, பிறகென்ன என்று அவர்களையும் கேட்பீர்களா?