பட்டறைக் கேள்வி பதில்: சீல் ஏன் மூணு வாரத்தில் போகிறது?

கேள்வி: அண்ணாச்சி, கிரானைட்டிலும் டைல்ஸிலும் பூ டிசைன் வெட்டுகிற வாட்டர்ஜெட் (தண்ணீரைப் பெரும் அழுத்தத்தில் பீய்ச்சி வெட்டுகிற மெஷின்) வைத்திருக்கிறோம். பம்பில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற ஹை பிரஷர் சீல் மாற்றி மூணு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் சொட்டுகிறது. டூப்ளிகேட் சீலாக இருக்குமோ?
- வாசகர், கோணம், நாகர்கோவில்

பதில்: இருக்கலாம், ஆனால் நான் முதலில் சீலைச் சந்தேகப்பட மாட்டேன். கழற்றிய பழைய சீலைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீளவாக்கில் கோடு விழுந்திருந்தால் பிளஞ்சரிலோ (தண்ணீரைத் தள்ளுகிற தண்டு) சிலிண்டருக்குள்ளோ கீறல் இருக்கும். மெஷினை நிறுத்தி, பிரஷரை முழுக்க இறக்கி, பிரித்து வைத்துவிட்டு விரல் நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டும். நகம் தட்டுகிற இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலும் நிற்காது.

கோடே இல்லாமல் ஓரம் கருகிப் பிதுங்கியிருந்தால் சூடுதான் காரணம். தண்ணீர் மொட்டைமாடிக் கறுப்பு டேங்கிலிருந்தா வருகிறது? அப்படியானால் மத்தியானம் இரண்டு மணிக்கு பம்புக்கு வருகிற குழாயைத் தொட்டுப் பாருங்கள், வெந்நீர் மாதிரி இருக்கும். 4,000 பார் அழுத்தத்தில் ஓடுகிற சீலுக்கு அந்தத் தண்ணீர்தான் குளிர்ச்சி, அதுவே சூடாக வந்தால் சீல் என்ன செய்யும்? டேங்குக்கு நிழல் போடுங்கள், முடிந்தால் தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் வையுங்கள். கடலோரத்து போர் தண்ணீர் என்றால் உப்பையும் சோதித்துவிடுங்கள். அதற்காக ஆர்.ஓ. வைத்து ஒரேயடியாகச் சுத்தமாக்கினாலும் வம்புதான், உப்பே இல்லாத தண்ணீர் உலோகத்தை அரிக்கும்.

இன்னொன்று. மெஷின் ஓடும்போது கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். அந்தத் தண்ணீர் ஊசி குத்தின மாதிரி தோலுக்குள் போய்விடும், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். பட்டுவிட்டால் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்காமல், ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போய், எத்தனை பார் தண்ணீர் பட்டது என்று சொல்லுங்கள்.

கேள்வி: வாட்டர்ஜெட்டில் கல்லை அறுக்கத் தண்ணீரோடு கலந்து விடுகிற கார்னெட் மணல், மழை வந்தாலே அடைத்துக்கொள்கிறது. பக்கத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கார்னெட் கிடக்கிறதே, அதைக் காயவைத்துப் போட்டால் என்ன?
- வாசகர், குளச்சல்

பதில்: போடக்கூடாது. முதலில், அதை அள்ளுவதே சட்டப்படி குற்றம். அப்புறம், அந்த மணலில் கார்னெட்டோடு இல்மனைட், சிர்கான், மோனசைட் என்று வேறு கனிமங்களும் கலந்து கிடக்கும். மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. அதையெல்லாம் பிரித்தெடுக்கத்தானே அங்கே மத்திய அரசின் ஐ.ஆர்.இ. ஆலை ஓடுகிறது! தண்ணீரும் மணலும் வெளியே பாய்கிற நாசில் துளை சுமார் ஒரு மில்லிமீட்டர், தடித்த மணி ஒன்று போனாலே அடைப்பு. சலித்து வருகிற 80 மெஷ் (மணியின் பருமனைச் சொல்லும் சல்லடை அளவு) கார்னெட்டே வாங்குங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். வெட்டி முடித்ததும் முதலில் கார்னெட்டை நிறுத்தி, சில விநாடி வெறும் தண்ணீர் ஓடவிட்டு அப்புறம் ஜெட்டை நிறுத்துங்கள். வருகிற அடைப்புகளில் பாதி, ஈரம் குழாயில் மேலேறி மணல் கட்டிப்போவதால் வருவதுதான்.