சொன்னால் சிரிக்கிறார்கள், எழுதினால் கொட்டாவி விடுகிறார்கள்

களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: “தரம் 3 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். நான் கதை சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதையே எழுதி வாசித்தால் கொட்டாவி. சிறுவர் எழுத்தாளர்கள் எப்படித்தான் எழுதுகிறார்கள்? பாடசாலை, வீடு, சமையல் போக எனக்கு இரவில் ஒரு மணித்தியாலம்தான் மிஞ்சும். அச்சகத்தில் புத்தகம் என்றால் 32 பக்கம் வேண்டும் என்கிறார்கள். அது ஏன்?”

நேரத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள் டீச்சர். அழ. வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் குழந்தைப் பாடல்கள் எழுதினார். சுவீடனின் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் காலையில் கட்டிலில் இருந்தபடியே சுருக்கெழுத்தில் கதை எழுதுவார். பிற்பகலில் பதிப்பகத்து வேலைக்குப் போவார். இங்கிலாந்தின் ரோல் டால் தோட்டத்துக் குடிலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் இரண்டு மணித்தியாலம், மாலையில் இரண்டு மணித்தியாலம் எழுதியவர். குடிலெல்லாம் நமக்கு வேண்டாம். அவரிடம் இருந்த ஒரு பழக்கம் உதவும்: கதை நன்றாக ஓடும்போதே பென்சிலை வைத்துவிடுவார். அடுத்த நாள் வெற்றுத் தாளைப் பார்த்து முழிக்க வேண்டியதில்லை. இரவில் களைத்துப்போய் உட்காருகிறவருக்கு இது பெரிய உதவி.

இனி கொட்டாவி விஷயம். மட்டக்களப்பில் மாஸ்டர் சிவலிங்கம் கதை சொல்லிக் கேட்டவர்களுக்குத் தெரியும், கதையில் பாதி அவர் முகத்திலும் குரலிலும்தான் இருக்கும். நீங்களும் வகுப்பில் அதைத்தான் செய்கிறீர்கள். கை ஆடுகிறது, குரல் மாறுகிறது, யானை வரும் இடத்தில் கண் விரிகிறது. தாளில் இது எதுவும் வராது. வராத இடத்தை நிரப்பத்தான் எழுதும்போது ‘சோம்பேறி’, ‘நல்லவன்’, ‘மிகவும் பயங்கரமான’ என்று அடைமொழிகளைப் போடுகிறோம். அங்கேதான் கதை கட்டுரையாகிறது. நீங்கள் அனுப்பிய கதையின் தொடக்கம் இது:

“ஓர் ஊரில் கண்ணன் என்ற சோம்பேறிச் சிறுவன் வாழ்ந்து வந்தான். அவன் பெற்றோர் சொல்லைக் கேட்பதே இல்லை.”

இதையே இப்படி வைத்துப் பாருங்கள்:

“கண்ணன் கவிழ்த்துப் போட்ட தோணிக்கு அடியில் படுத்திருந்தான். அம்மா மூன்றாம் தரம் கூப்பிட்டது காதில் விழுந்தது. முதல் இரண்டு தரமும் விழுந்ததுதான்.”

சோம்பேறி என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை தானே கண்டுபிடித்துச் சிரிக்கும். கண்டுபிடிப்பதற்கு ஒன்றை மிச்சம் வைப்பது சிறுவர் கதையில் பெரிய வேலை. நம் பக்கத்துச் சிறுவர் கதைகள் பலவற்றில் அதுதான் இல்லை. நீதியை முதல் பக்கத்திலேயே உடைத்துவிடுகிறோம்.

எழுதும் முறைக்கு வருவோம். மேசையில் போனை வைத்துப் பதிவு செய்துகொண்டு, வழக்கம்போல வகுப்பில் கதையைச் சொல்லுங்கள். இரவில் அதைக் கேட்டு, வாயில் வந்தபடியே எழுதுங்கள். பிள்ளைகள் சிரித்த இடத்தில் ஒரு கோடு. “மறுகா (பிறகு) என்ன டீச்சர்?” என்று கேட்ட இடத்தில் ஒரு வட்டம். பெஞ்சு ஆடும் சத்தமும் பேச்சும் கேட்டால் அந்தப் பந்தியை வெட்டுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கதை சொல்கிறவர் பேசுவது எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பாத்திரங்கள் வாய் திறந்தால் உங்கள் ஊர்ப் பேச்சு வரட்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வட்டையில் (வயல்வெளியில்) யானைக்குக் காவல் இருக்கும் தாத்தா பாடப்புத்தகம்போலப் பேசினால் எந்தப் பிள்ளையும் நம்பாது.

இன்னொன்று, ‘சிறுவர்களுக்காக’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒரு பிள்ளைக்கு எழுதுங்கள். பீட்டர் முயல் கதை 1893இல் இங்கிலாந்தின் சிறுவர் எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பொட்டர் நோயாய்க் கிடந்த நோயல் என்ற சிறுவனுக்குப் படம் வரைந்து எழுதிய ஒரு கடிதம். லிண்ட்கிரென் 1941இல் நோயாய்ப் படுத்திருந்த தன் மகளுக்குச் சொல்லத் தொடங்கிய கதைதான் பிப்பி என்ற குறும்புச் சிறுமியின் கதை. அதை 1944இல் கணுக்கால் சுளுக்கி வீட்டில் கிடந்தபோதுதான் எழுத உட்கார்ந்தார். இடையில் மூன்று ஆண்டு வாயாலேயே சொல்லிவந்தது வீண்போகவில்லை என்பேன். உங்கள் வகுப்பிலும் கடைசி வரிசையில் எதற்கும் சிரிக்காத ஒன்று இருக்குமே, அந்தப் பிள்ளைக்கு எழுதிப் பாருங்கள்.

சரி, 32 பக்கம். பெரிய தாளொன்றை இரு புறமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம் வரும்; இரண்டு தாள் 32. உலகம் முழுக்கப் படக்கதைகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வருவதற்கு அதுதான் காரணம், இலக்கிய விதி ஒன்றும் இல்லை. நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கால் வகுபட்டால் போதும். முதல் புத்தகத்துக்கு 16 அல்லது 24 பக்கம் தாராளம். ஆங்கிலப் படக்கதைக்கு 500 சொல் அளவு என்பார்கள். தமிழில் சொற்கள் ஒட்டி நீளும் என்பதால் 300, 350 போதும் என்பது என் எண்ணம். பக்கம் பிரிக்கும்போது அந்த வட்டங்களை எடுங்கள். பிள்ளை “மறுகா?” என்று கேட்ட வரி வலப்பக்கத்தின் கடைசி வரியாக வர வேண்டும். பதில் தாளைப் புரட்டினால்தான் தெரிய வேண்டும்.

ஓவியரிடம் கொடுக்குமுன் ஏ4 தாள்களை மடித்துக் கம்பி அடித்து, பென்சிலால் எழுதிய மாதிரிப் புத்தகம் ஒன்றைச் செய்யுங்கள். வேறொரு ஆசிரியரிடம் கொடுத்து அவர் வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசித்தால் உங்கள் குரல் குறைகளை மூடிவிடும்.

பதிப்பகம் கிடைக்காவிட்டால் சொந்தமாகப் போடத் தயங்காதீர்கள். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியதால் பொட்டரும் 1901இல் 250 பிரதிகளைத் தன் செலவில்தான் அச்சிட்டார். சின்னக் கைக்குள் அடங்க வேண்டும், விலை குறைய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அடுத்த ஆண்டே ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது. அச்சுக்குப் போகுமுன் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள இலக்கம் வாங்கிவிடுங்கள். அப்புறம் ஓவியரோடு கூலியையும் மறுபதிப்பு உரிமையையும் பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.