லாரிக்காரர் பதில்கள்: அவசரச் சரக்குக்கு எந்த வண்டி?

இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லாரி வாங்குவது பற்றித்தான். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். முதல் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, ஆறு வருடமாக இன்னொருவரிடம் வேன் ஓட்டுகிறேன். கிளாஸ் 3 உரிமம்தான் இருக்கிறது. சொந்தமாக ஒரு லாரி எடுத்து அவசர டெலிவரி மட்டும் செய்யலாம் என்று யோசனை. சாங்கியில் இறங்கும் இயந்திர பாகங்களைத் துவாஸ் தொழிற்சாலைகளுக்கும், கப்பல் உதிரிபாகங்களைப் பாசிர் பாஞ்சாங், பெஞ்சூரு பக்கமும் கொண்டுபோகும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. பெட்டி நீளம் பத்தடியா, பதினான்கடியா? இசுஸுவா, ஹினோவா, ஃபூசோவா? அவசர வேலை என்பதால் எஞ்சின் பலமானதாகப் பார்த்து எடு என்கிறான் நண்பன்.
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: தம்பி, நண்பரிடம் ஒரு சின்னக் கணக்கைச் சொல்லுங்கள். தீவு விரைவுச்சாலை சாங்கியில் தொடங்கித் துவாஸ் பக்கம் முடியும்வரை மொத்தம் 42.8 கிலோமீட்டர். சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை 3,500 கிலோவுக்குள் இருக்கும் இலகு லாரிக்கு விரைவுச்சாலையில் 70 வேகம், அதைத் தாண்டினால் 60. நெரிசலே இல்லாமல் ஒரே சீராக ஓட்டினால் எழுபதில் 37 நிமிடம், அறுபதில் 43 நிமிடம். வித்தியாசம் ஆறு நிமிடம், அவ்வளவுதான். அதற்கு மேல் எஞ்சினில் எத்தனை குதிரைகளைக் கட்டினாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. பெரிய லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே வந்துவிட்டது. முன்பு 12,000 கிலோவுக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும் இருந்த விதி இப்போது 3,501 கிலோவிலிருந்தே தொடங்குகிறது.

நேரம் போவது ஏற்றி இறக்கும் இடத்தில். சரக்கு முனையத்தில் பாஸ் வாங்க ஒரு வரிசை, பிறகு ஏற்றுமேடைக்கு ஒரு வரிசை, துவாஸில் போய் நின்றால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் சாப்பிடப் போயிருப்பார், அவர் வரும்வரை 300 கிலோ மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் ஓட்டிய காலத்தில் சாலையில் இழந்த நேரத்தைவிட இப்படி நின்று இழந்த நேரம்தான் அதிகம். அதனால் எஞ்சினை விடுங்கள். பின்னால் வைக்கும் பெட்டி என்ன, கதவு எங்கே, டெயில்கேட் (சரக்கை ஏற்றி இறக்கும் பின்பக்கத் தூக்குமேடை) எது, சரக்கில்லாமல் வண்டியின் வெறும் எடை எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், பிராண்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வெறும் எடையில்தான் உங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கிளாஸ் 3 உரிமத்தில் சரக்கு வாகனம் ஓட்ட, அதன் வெறும் எடை 2,500 கிலோவைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கிளாஸ் 4 வேண்டும். பத்தடி லாரி வாங்கும்போது இந்த எல்லைக்குள் சௌகரியமாகத்தான் இருக்கும். அப்புறம் அலுமினியப் பெட்டி ஏறும், டெயில்கேட் ஏறும், தரைக்கு இரும்புத் தகடு ஏறும், ஒவ்வொன்றும் எல்லையை நோக்கித் தள்ளும். எல்லையைத் தாண்டாவிட்டாலும் இன்னொரு நஷ்டம் இருக்கிறது. 3,500 கிலோ வண்டியின் வெறும் எடை 2,400 ஆகிவிட்டால் நீங்கள் ஏற்றக்கூடியது 1,100 கிலோ மட்டுமே, அதிலும் ஓட்டுநரையும் உதவியாளையும் கழிக்க வேண்டும். ஆகவே பாடி கட்டுபவரிடம் விலை கேட்பதற்கு முன்னால் எடையைக் கேளுங்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

3,500ஐத் தாண்டினால் வேறு சில செலவுகளும் கூடவே வரும். மின்னியல் சாலைக் கட்டணம் இலகு லாரிக்குக் காருக்கு உள்ள அளவுதான், கனரக லாரிக்கு ஒன்றரை மடங்கு. 5,000 கிலோவுக்கு மேல் போனால் இரவில் நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டும் கனரக வாகன நிறுத்தச் சான்றிதழும் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே நிறுத்திவிட்டு, இரவு இரண்டு மணிக்கு ஃபோன் வந்ததும் இறங்கி ஓடலாம் என்ற கனவு அங்கே முடிந்துவிடும். அவசர வேலைக்கு அது சாதாரண விஷயமில்லை, லாரியை எடுக்கவே அரைமணி நேரம் டாக்சியில் போகிறவன் எப்படி அவசர டெலிவரி செய்வான்?

சரி, கொள்ளளவு. விமானச் சரக்கில் எடையைவிட இடம்தான் முதலில் தீரும். விமான நிறுவனங்களே ஒரு கன மீட்டரை 167 கிலோவாக வைத்துக் கட்டணம் போடுவது அதனால்தான். உங்களுக்கு வரப்போவது ஒன்றிரண்டு மரப்பெட்டி, சில அட்டைப்பெட்டி, எப்போதாவது ஒரு பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) என்றால் பத்தடி தாராளம். 1.2 மீட்டருக்கு 1 மீட்டர் பேலட் பத்தடியில் இரண்டு நிம்மதியாக நிற்கும். மூன்றாவது, பெட்டியின் உள்நீளம் மூன்று மீட்டருக்குக் கீழே இறங்காவிட்டால்தான், அதுவும் இழைத்துக்கொண்டு நிற்கும். பதினான்கடியில் உள்ளகலம் இரண்டு மீட்டர் கிடைத்தால் ஆறு போகும். வெளி அளவை நம்பாதீர்கள், டேப்பை உள்ளே பிடியுங்கள். விமானத்திலிருந்து பிரிக்காமல் அப்படியே வரும் பெரிய பேலட் 3.18 மீட்டருக்கு 2.44 மீட்டர், அது பதினான்கடியிலும் உட்காராது, ரோலர் தளம் போட்ட பெரிய லாரிகளின் வேலை. அந்த ஆசை இப்போது வேண்டாம்.

பெட்டியின் உயரத்திலும் கவனம். நான் முதன்முதலில் வாங்கிய லாரிக்கு, கட்டுவதுதான் கட்டுகிறோம், உயரமாகவே கட்டுவோம் என்று கட்டினேன். மூன்றாம் நாளே நகரில் ஒரு கட்டடத்தின் அடித்தள ஏற்றுமிடத்தில் உத்தரம் என் பெட்டியைவிட ஒரு சாண் தாழ்வாக இருந்தது. சரக்கோ அன்றே போயாக வேண்டிய சர்வர். தள்ளுவண்டியில் வைத்துச் சரிவுப் பாதையில் இரண்டு பேராக இறக்கினோம், அதற்குள் மேலே நிறுத்தியிருந்த லாரிக்கு அபராதச் சீட்டும் வந்துவிட்டது. எந்தெந்தக் கட்டடத்துக்கு அடிக்கடி போவீர்களோ அங்கெல்லாம் நுழைவாயிலில் எழுதியிருக்கும் உயரத்தைக் குறித்துக்கொண்டு பிறகு பாடி கட்டுங்கள்.

முகம் தட்டையான லாரிக்கு இங்கே மரியாதை வந்ததற்குக் காரணமே இந்த இட நெருக்கடிதான். எஞ்சின் மீதே கேபின் உட்கார்ந்திருப்பதால் வண்டியின் நீளம் முழுவதும் சரக்குக்குக் கிடைக்கிறது, காக்கி புக்கிட் சந்துகளில் ஒரே வெட்டில் திரும்புகிறது, முன்பக்க விளிம்பு உங்கள் முழங்காலுக்கு எதிரே முடிந்துவிடுவதால் அளவு பார்த்து நிறுத்தவும் எளிது. ஆனால் அந்த லாபத்தை நீள வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) எடுத்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வேலைக்கு நான் கட்டினால் இப்படித்தான் கட்டுவேன்: பத்தடி, மூடிய அலுமினியப் பெட்டி, பின்கதவோடு இடப்பக்கம் ஒரு கதவு. சாலையோரம் நிறுத்தும்போது இடப்பக்கம்தான் நடைபாதை வரும், கையில் தூக்கும் சாமானை அங்கேயே இறக்கலாம். டெயில்கேட், அடியில் மடிந்து ஒளிந்துகொள்ளும் வகை. பின்னால் செங்குத்தாக நிற்கும் வகை மலிவாகக் கிடைத்தாலும் ஒவ்வொரு முறை கதவு திறக்கவும் அதை இறக்கியாக வேண்டும், மேடையில் ஒட்டி நிறுத்தும்போதும் இடைஞ்சல். பெரிய லாரிகளுக்காகக் கட்டிய மேடைக்குப் பத்தடியின் தளம் தாழ்வாக நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம், டெயில்கேட் இல்லாமல் அங்கே போனால் மற்றவர் தயவுதான். அப்புறம், சுவர் நெடுகக் கட்டுக்கம்பி. அவசரச் சரக்கு என்பது பெரும்பாலும் காலி லாரியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒற்றைப் பெட்டி, கட்டாவிட்டால் முதல் பிரேக்கிலேயே முன்சுவருக்கு வந்துவிடும். கப்பலின் உந்துவிசிறித் தண்டு மாதிரி நீளமான சாமான் வரும் நாளுக்கு ஒரு பதினான்கடியை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுங்கள். மாதத்தில் மூன்று நாளுக்காக முப்பது நாளும் பெரிய லாரியை ஓட்ட வேண்டியதில்லை.

பிராண்டா? மூன்றும் நல்ல வண்டிதான். உங்கள் வீட்டுக்கோ துவாஸுக்கோ பக்கத்தில் எந்தப் பட்டறையில் உதிரிபாகம் அன்றே கிடைக்கிறதோ அதை எடுங்கள். காப்புறுதி எடுக்கும்போது வாடகைக்குச் சரக்கு ஏற்றுகிறேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் பத்தடி லாரி ஓட்டுகிறார். தினமும் இரவில் முதுகுவலி, பாதத்தில் எரிச்சல். எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருப்பதால்தான் இப்படி என்கிறார். வண்டியை மாற்றத்தான் வேண்டுமா?
– ஈசூன் வாசகி

பதில்: பாதி அதனால்தான், சகோதரி. இந்த லாரிகளில் ஓட்டுநர் ஏறக்குறைய முன்சக்கரத்தின் மேலேயே உட்காருகிறார், சாலையில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் நேராக இடுப்புக்கு வருகிறது. வில்பட்டைகள் சுமைக்காகச் செய்தவை என்பதால் காலி வண்டி இன்னும் மோசமாகத் துள்ளும். வண்டியை மாற்றும் முன் மலிவான வேலைகளைச் செய்து பார்க்கலாம். டயர் காற்று அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேபினைத் தூக்கிப் பழுது பார்த்துவிட்டு இறக்கும்போது எஞ்சின் மூடியின் ரப்பர் ஓரம் சரியாக உட்காராமல் போவது அடிக்கடி நடக்கும், அந்த இடுக்கு வழியாகத்தான் சூடு காலுக்கு வரும். இருக்கையைப் பட்டறையில் சொல்லி அதிர்வு தாங்கும் வகையாக மாற்றலாம். லாரியிலிருந்து குதித்து இறங்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், கைப்பிடியைப் பிடித்துப் படியில் கால் வைத்து இறங்கட்டும், நாளுக்கு நாற்பது தடவை குதித்தால் எந்த முதுகு தாங்கும்? காத்திருக்கும்போது குளிரூட்டிக்காக எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், ஆகவே சின்ன மின்விசிறி ஒன்று வாங்கிக் கொடுங்கள். எரிச்சல் லாரி ஓட்டாத நாளிலும் இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அது லாரிக் கோளாறு இல்லை, சர்க்கரையாகவும் இருக்கலாம்.

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கும் அக்கா மகன், மூக்கில்லாத லாரி ஆபத்து, அமெரிக்காவில் யாரும் ஓட்டுவதில்லை என்கிறான். உண்மையா?
– பிடோக் வாசகர்

பதில்: நெடுந்தூர லாரிகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது ஏறக்குறைய சரி, ஆனால் காரணம் ஆபத்து மட்டுமில்லை. அங்கே ஒரு காலத்தில் மாநிலங்கள் லாரியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. மூக்கைக் குறைத்தால் டிரெய்லரை நீட்டலாம் என்று எல்லாரும் தட்டை முகம் வாங்கினார்கள். 1982இல் வந்த கூட்டரசுச் சட்டம் பெரிய நெடுஞ்சாலைகளில் டிரெய்லரின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று மாற்றியது, மூக்கை மறைக்க வேண்டிய அவசியம் போய்விட்டது, மெத்தென்ற பயணத்துக்காக மூக்கு திரும்பி வந்தது. நகருக்குள் ஓடும் சிறிய லாரிகளில் நம் இசுஸு வகை அங்கேயும் நிறைய ஓடுகிறது. அங்கே அவசரச் சரக்கு என்றால் இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டி, கேபினுக்குப் பின்னாலேயே படுத்துத் தூங்கி, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவது, அடுத்த நீண்ட ஓய்வுக்கு முன் ஒருவர் மொத்தம் ஓட்டக்கூடியது 11 மணி நேரம்தான் என்பதால். நமக்கு 11 மணி நேரத்தில் தீவை எத்தனை தடவை சுற்றுவது! படுக்கைக்குக் கொடுக்கும் இடத்தைச் சரக்குக்குக் கொடுங்கள்.

ஆபத்து என்பது முற்றிலும் பொய்யுமில்லை. மோதினால் முதலில் வருவது உங்கள் முழங்கால். முன்னால் போகிறவரிடமிருந்து காரில் விடுவதைவிட இன்னொரு வண்டி அளவு அதிக இடைவெளி விடுங்கள்.

கேள்வி: மின்சார லாரி அவசர வேலைக்கு ஆகுமா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: தூரத்தைப் பொறுத்தவரை ஆகும், தீவு சிறியது. ஆனால் மின்கலத்தின் எடை சரக்கிலிருந்து கழியும். அதைவிட, ஃபோன் எப்போது வரும் என்று தெரியாத தொழிலில் இரவு நிறுத்துமிடத்திலேயே சார்ஜ் வசதி இல்லாவிட்டால் நிம்மதி இருக்காது. நேரம் குறித்த டெலிவரிக்கு இப்போதே எடுக்கலாம்.

கேள்வி: சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) இன்னும் மூன்று வருடம் பாக்கியுள்ள பதினான்கடி லாரி மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: சரக்கு வாகனத்துக்கு, கார்களுக்குக் கிடைப்பதுபோல் பதிவை நீக்கும்போது வரும் பார்ஃப் தள்ளுபடி கிடையாது. ஆக, நீங்கள் வாங்குவது மூன்று வருடச் சிஓஇயும் கொஞ்சம் இரும்பும். மூன்று வருடம் கழித்து ஐந்து அல்லது பத்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம், மொத்தம் 20 வயதுவரை ஓட்டலாம், ஆனால் பத்து வயதைத் தாண்டினால் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2018 முதல் பதிவான புது டீசல் வண்டிகள் யூரோ 6 புகைத் தரம், புகைவடிகட்டி இருக்கும். குட்டிக் குட்டி ஓட்டமாகவே ஓடிய வண்டியில் அது கரி அடைத்து நிற்கும், மாற்றினால் கை கடிக்கும். அதனால் முன்பு என்ன வேலைக்கு ஓடியது என்று கேளுங்கள். கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் வெறும் எடையையும் மொத்த எடையையும் லாக் கார்டோடு (வாகனப் பதிவு விவரத்தோடு) ஒப்பிடுங்கள், பிறகு சேர்த்த டெயில்கேட் பதிவில் இல்லாமல் இருக்கலாம். டெயில்கேட்டில் இரண்டு பேரை நிற்கவைத்து ஏற்றிப் பாதியில் நிறுத்துங்கள், தானாக இறங்கினால் எண்ணெய் கசிகிறது.

கடைசியாக, கேபினைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். துரு, கசிவு, ஒட்டுப்போட்ட வயர் எல்லாம் அதற்கு அடியில்தான் இருக்கும். பூட்டு இறுகிவிட்டது, சாவி கடையில் இருக்கிறது, நாளைக்கு வாங்க என்று விற்பவர் ஏதாவது சொன்னால், பக்கத்துக் கோப்பிக்கடையில் ஒரு தே ஓ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.