கூரை போடும் காண்டிராக்டர்களுக்குப் பதிவு கட்டாயம் என்றால் மக்கள் வரிப்பணம்தானே வீண்?

அமெரிக்காவிலேயே எல்லா மாநிலத்திலும் கூரைக் காண்டிராக்டருக்கு உரிமம் கேட்பதில்லை, இங்கே எதற்கு இன்னொரு அலுவலகம், இன்னொரு சம்பளப் பட்டியல் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கீழே சமவெளியில், கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் இருப்பவர் என்று நினைக்கிறேன். எங்கள் நீலகிரி மலையில், பந்தலூர் பக்கம் ஒரு ஆடி மாதத்தை ஷீட் கூரைக்குக் கீழே கழித்திருந்தால் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய மங்களூர் ஓடு ஒழுகுகிறது என்று எடுத்துவிட்டு கலர் ஷீட் போட்டார்கள். சதுர அடிக் கணக்கில் பேசி, கீழே இருந்து வந்த ஒரு காண்டிராக்டர் நாலு பையன்களோடு வந்து சட்டென்று முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். விசிட்டிங் கார்டு கொடுத்தார், முன்பணத்துக்கு ரசீதும் கொடுத்தார். அடுத்த தென்மேற்குப் பருவத்தில் ஒரு ராத்திரி வடக்குச் சரிவு முழுக்கக் கழன்று போனது. ஒரு ஷீட் தெரு மின்கம்பியில் போய் விழுந்து அந்த வரிசைக்கே கரண்ட் போனது. அக்கா, மாமா, பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தார்கள்.

மறுபடி கூரை போட எங்கள் ஊர் மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் மேலே ஏறி, மிச்சம் இருந்த ஷீட்டைக் கையால் தூக்கிக் காட்டினார். "தம்பி, இங்க காத்து மேற்கேருந்து வருது. ஷீட்டு மேல ஷீட்டு ஏறுற ஓவர்லாப்போட வாயும் மேற்க பாத்துத்தான் கெடக்கு. பின்ன தூக்காம என்ன பண்ணும்?" ஓர வரிசையில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில்தான் ஸ்க்ரூ. பல ஸ்க்ரூக்களில் ரப்பர் வாஷரே இல்லை, ஓட்டையைச் சுற்றித் துரு. பில்லில் 0.5 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்த ஷீட்டை பட்டறையில் ஸ்க்ரூகேஜ் வைத்துப் பார்த்தால் 0.35தான் வந்தது.

உடனே யாராவது வருவார்கள், "மலையில் பெய்கிற மழைக்கு எந்தக் கூரைதான் நிற்கும்" என்று. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி நாளைப் பற்றி நான் பேசவில்லை. அக்கா வீட்டுக் கூரையைத் தூக்கியது வருஷா வருஷம் அடிக்கிற ஆடிக் காற்று. பக்கத்து வீட்டுப் பழைய ஷீட் அசையவே இல்லை.

மலைக் காற்று எவ்வளவு கூடுதல் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. கட்டடங்களுக்கான காற்றுச் சுமையைச் சொல்லும் ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதி, சரிவிலும் முகட்டிலும் காற்றின் வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், சமவெளியில் தாங்குகிற அதே கூரைமீது மேலே ஏறத்தாழ 1.85 மடங்கு இழுப்பு வரலாம். அதிலும் ஓரங்களிலும் முகட்டிலும்தான் இழுப்பு அதிகம். காண்டிராக்டர் ஸ்க்ரூவை மிச்சம் பிடித்ததும் சரியாக அந்த ஓரத்தில்தான்.

இப்போது உங்கள் வரிப்பணத்துக்கு வருகிறேன். அந்த ஒரு கூரைக்காக வி.ஏ.ஓ. வந்தார், ஆர்.ஐ. வந்தார், புகைப்படம், மகஜர், தாலுகா ஆபீஸில் கோப்பு. மின்வாரிய ஊழியர்கள் கொட்டும் மழையில் கம்பம் ஏறினார்கள். பள்ளிக்கூட முகாமில் சோறு போட்டார்கள், முகாம் முடியும்வரை வகுப்பு நடக்கவில்லை. பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்படி, பகுதி சேதமான பக்கா வீட்டுக்கு ₹6,500, கச்சா வீட்டுக்கு ₹4,000. முழுக்க இடிந்தால் மலைப்பகுதியில் ₹1,30,000. இதெல்லாம் யார் பணம்? காண்டிராக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் வரவில்லை. கூரைக்காரரைப் பதிவு செய்யாமல் விட்டதற்கான செலவை நாம் ஒவ்வொரு ஆடியிலும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அது வருவாய்த் துறைக் கணக்கிலும் மின்வாரியக் கணக்கிலும் சிதறிக் கிடப்பதால் உங்கள் கண்ணில் படவில்லை.

அமெரிக்க உதாரணத்தையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். டெக்சாஸில் மாநில உரிமம் கிடையாது, உண்மை. புளோரிடாவில் உண்டு, கலிபோர்னியாவில் உண்டு. கலிபோர்னியாவில் அந்த உரிமத்தைக் கொடுக்கும் வாரியம் நடப்பது காண்டிராக்டர்கள் கட்டுகிற உரிமக் கட்டணத்தில், பொது வரிப்பணத்தில் இல்லை. அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நம் தமிழ்நாட்டில் வயரிங் காண்டிராக்டருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் வேண்டும். அதனால் அரசு கஜானா காலியாகிவிட்டது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் லைசென்ஸ் ராஜ்ஜியம் கேட்கிற ஆள் இல்லை. எங்கள் மேஸ்திரி எட்டாவது தாண்டாதவர். அவரைப் பரீட்சை எழுதச் சொன்னால் நல்ல கைதான் முதலில் வெளியே போகும், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அவனவன் வீட்டுக்கு அவனவன் ஷீட் மாட்டிக்கொள்வதையும் தடுக்கக் கூடாது. கேட்பது ஒரு மாவட்டப் பதிவேடு. பெயர், சரிபார்த்த முகவரி, கொஞ்சம் வைப்புத்தொகை, பில்லில் ஷீட்டின் தடிமன். லஞ்சம் வரும் என்பீர்கள். வரலாம். அதற்காக டிரைவிங் லைசென்ஸை எடுத்துவிட்டோமா?

மேலே ஏறுகிற பையன்களையும் யோசியுங்கள். 1996 கட்டடத் தொழிலாளர் சட்டம் 10 பேராவது வேலை செய்கிற இடத்துக்கு என்றுதான் எழுதப்பட்டது. கூரை வேலைக்கு வருவது நாலு பேர். கயிறு கட்டாமல் பழைய கல்நார் ஷீட்டில் கால் வைத்து, அது உடைந்து கீழே விழுந்தால், அவன் யாரிடம் வேலை செய்தான் என்பதற்கே சான்று இருக்காது.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தாலுகாக்களில் இவ்வளவு ஷீட் வீடு ஏன்? 1969-இல், ஜென்மம் என்ற பழைய ஜமீன் மாதிரியான நில உரிமையை எடுக்க, கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. குத்தகைத் தோட்ட நிலங்களைப் பற்றிய அதன் 17-ஆம் பிரிவில் மாட்டிய நிலத்தில் பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு இன்னும் பட்டா இல்லை. பட்டா இல்லையென்றால் வங்கிக் கடன் இல்லை. எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயத்தில் யார் காசைப் போட்டுக் கான்கிரீட் கட்டுவார்கள்? "தகரக் கூரையில் ஏன் இருக்கிறீர்கள்" என்று சுற்றுலா வந்தவர்கள் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்பீர்கள். நாங்களும் போகத்தான் பார்த்தோம். ₹5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்தால் போதும், சட்டம் நல்ல சட்டம். முதலில் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் "அப்படி ஒருவர் இல்லை" என்று திரும்பி வந்தது. கார்டில் இருந்த முகவரிக்கு மாமா பஸ் பிடித்து நேரிலேயே போனார். அங்கே டயர் கடை இருந்தது. கடைக்காரருக்கு அந்த ஆளைத் தெரியவே தெரியாது.